தட்டில் திரும்பிப் போன கைப்பேசி

நிச்சயத் தட்டில் கைப்பேசியை வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவரை ஒரு மழைநாள் முழுக்கத் தேயிலைக் காட்டில் நிறுத்தி, அட்டைகளுக்குக் காலைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் போதாதா? போதாதாம். கேக்குக்கு ஒரு தட்டு, சாக்லெட்டைக் கோபுரமாக அடுக்கி ஒரு தட்டு, வாசனைச் செண்டுப் புட்டிக்கு ஒரு தட்டு. பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து உமாதேவி தன் மகன் ஹரிதாஸுக்குத் தவமலரை நிச்சயம் பண்ண வந்தபோது, அத்தனைக்கும் முன்னால், கண்ணாடித் தாள் சுற்றி ரோஜா நிற ரிப்பன் கட்டிய ஒரு கைப்பேசி வந்தது. அதைத் தூக்கி வந்தவள் மற்ற தட்டுக்காரிகளைவிட ஒரு முழம் முன்னால் நடந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசல்களில் நின்றவர்கள் சேலையைப் பார்க்கவில்லை, மோதிரத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்கள்.

அது யார் பேரில் வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. தட்டில் வருவதைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கிற பழக்கம் நமக்கு ஏது?

தவமலர் அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவள். அப்பா வீரப்பனுக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தளத்தில் வேலை. அம்மா பாஞ்சாலை, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். அதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பும் துணியும் அப்பனின் மாத்திரையும் இவள் கையில்தான். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்பார்கள், பூத்தோட்டத்தில் சேர்ந்தாள். விடியும் முன் சாலை முனையில் நின்றால் லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். சாமந்திப் பூவின் தலை ஒவ்வொன்றுக்கும் வலைக் குல்லாய் மாட்டிக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். கை எப்போதும் ஈரம், எப்போதும் குளிர். ஆனால் ஒழுங்கான சம்பளச் சீட்டு உண்டு, சேமநிதிப் பிடித்தம் உண்டு. அந்த லயத்தில் அப்படி ஒரு சீட்டு வைத்திருப்பவர்கள் ரொம்பப் பேர் இல்லை.

பேச்சு குறைவு அவளுக்கு. வாங்கிய தக்காளியில் அடியில் அழுகல் இருந்தால் பிரிஞ்சாங் சந்தைக்குத் திரும்பப் போய், கடைக்காரன் மூக்குக்கு நேரே கொட்டிவிட்டு வருகிற ரகம். அவ்வளவு விவரமானவள், ஒரே ஒரு நாள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு நாள் புத்தி மழுங்கத்தான் செய்யும்.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம் ஹரிதாஸ் அவளைப் பிரிஞ்சாங்கில் ஒரு கைப்பேசிக் கடைக்கு அழைத்துப் போனான். அவனுக்குச் சுற்றுலா வேன் ஓட்டும் தொழில். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போய்த் தேயிலைச் சரிவில் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுப்பான்.

"மலர், ஒனக்குப் புடிச்ச கலர நீயே எடு."

"எதுக்குங்க இவ்ளோ வெலயில? என்னோட பழசே நல்லாத்தான இருக்கு."

"நிச்சயத் தட்டுல பழசையா வைப்பாங்க? எங்கம்மா மானம் போயிடும்லா!"

கடைப்பெண் அடையாள அட்டை கேட்டாள். ஹரிதாஸ் சட்டைப் பையைத் தட்டினான், காற்சட்டைப் பையைத் தட்டினான், பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"அடடா, ஐசிய வேன்ல வெச்சிட்டேன் போல. ஒன்னோடதக் குடு மலர். நீயும் நானும் வேற வேறயா? மாசாமாசம் நான் கட்டிடுறேன்."

வேன் கடை வாசலில்தான் நின்றது. கையை நீட்டினால் கதவு எட்டும்.

அவன் பேரைத் தட்டிப் பார்த்தால் எந்தக் கடைக் கணினியும் சிவப்புக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியாது. முன்பு தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்து, பாதியில் கட்டாமல் விட்டவன். அது அவன் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த அம்மாள் ரிப்பன் வாங்கினாள்.

கைப்பேசிக்கும் அதோடு வந்த புது எண்ணுக்கும் சேர்த்து இரண்டு வருட ஒப்பந்தம். நடுவில் விட்டால் மீதிக்கும் அபராதத்துக்கும் யார் பேரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். தவமலர் கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். கோழி கிளறியது போல் விழுந்தது. போதும் என்றாள் கடைப்பெண்.

ஆக, மாப்பிள்ளை வீட்டுச் சீராக ஊர்வலம் வந்தது பெண்ணின் சொந்தக் கடன். அதற்கு லயமே கை தட்டியது.

தீபாவளி நெருங்கும் வரை எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் ஒரு நாள் உமாதேவி கல்யாண மண்டபம் பற்றிப் பேச வந்தவள், வீரப்பன் ஓய்வு பெற்றால் எங்கே இருப்பார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். தோட்டத்து வீடு வேலையில் இருப்பவருக்குத்தான். வேலை முடிந்தால் காலி பண்ண வேண்டும்.

"அப்பா என்கூடத்தான் அத்தை இருப்பாரு."

"இது என்னடி கூத்து! நாங்க மருமகளத்தான் கேட்டோம். சம்பந்தியையும் சேத்தா பொண்ணு பாத்துட்டுப் போனோம்?"

"அப்ப வேற எடம் பாருங்க அத்தை," என்றாள் தவமலர். கத்தவில்லை, அழவில்லை. உமாதேவி குடித்த குவளையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

நிச்சயம் முறிந்தால் தட்டைத் திருப்ப வேண்டும். அதற்கு முறை உண்டு. கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார, நடுவில் தலைவர். தலைவர் என்றால் கங்காணி சுப்பிரமணியம். கங்காணி வேலையிலிருந்து ஓய்ந்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது, குரலும் குறையவில்லை. மைக் இல்லாமலே பேசுவார். மைக்கையும் விட மாட்டார்.

மோதிரம் போனது, சேலை போனது. கைப்பேசியை வெற்றிலை மேல் வைக்கும்போது தவமலர் அதிலிருந்த சிம்மை உருவப் போனாள்.

"அதுவும் உள்ளேயே இருக்கட்டும் ஆயி," என்றார் வீரப்பன். "அவங்க வீட்டுத் தூசிகூட நம்ம வீட்ல தங்கக் கூடாது."

உமாதேவி தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று தேடினாள். கீறல் இல்லை. அதில் அவளுக்கு வருத்தம்தான் போலும்.

கங்காணி எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு பக்கமும் தட்டு திரும்பியாச்சு. இன்னையோட ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. குடுக்கல் வாங்கல் முடிஞ்சுது. சபையில யாருக்காச்சும் மறுப்பு உண்டா?"

ஒருவருக்கும் இல்லை. மறுப்புச் சொல்லியிருக்க வேண்டியது கைப்பேசி நிறுவனம். அதைச் சபைக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தேங்காய் உடைத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். தவமலர் தன் பழைய கைப்பேசியில் பழைய எண்ணைப் போட்டுக்கொண்டாள். ஒப்பந்தம் அதோடு ரத்தாகிவிட்டது என்றே அவள் நம்பினாள். ஊரே கூடி முடித்து வைத்ததற்கு மேல் இன்னொரு முடிவு உண்டா என்ன?

அடுத்த வருடம் வீரப்பனுக்கு வேலை முடியும் கடிதம் வந்தது. நல்ல வேளையாக அதே சமயம் தோட்டத்து எல்லையில், சரிவில், தொழிலாளர் குடும்பங்களுக்கென்று வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வருட முடிவுக்குள் வங்கிக் கடனுக்கு ஒப்புதல் காட்டுகிறவர்களுக்கு வீடு. காட்டாதவர்களுடையது அடுத்த ஆளுக்குப் போகும். வீரப்பன் வயதுக்குக் கடன் கிடைக்காது. தவமலர்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அப்பனும் மகளும் சாமான்களோடு சாலையில்தான் நிற்க வேண்டும்.

அவள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தானா ராத்தா வங்கிக்குப் போனாள். கடன் பிரிவில் இருந்தவன் புவனேஸ் என்ற நம்மூர்ப் பையன். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் சிரித்த முகம். நேரில் அவ்வளவு சிரிப்பில்லை.

"அக்கா, ஒங்க சம்பளம் ஓகே. சேமநிதி ஓகே. ஆனா பேரு அடிபட்டிருக்கே."

"யாரு அடிச்சா?"

"ஒங்க பேர்ல ஒரு ஹென்போன் லைன் இருக்குக்கா. கன்ட்ராக்கு. போன தீவாளியிலேருந்து ஒழுங்காக் கட்டல. கம்பெனி லைன நிறுத்துனதும் கொஞ்சம் கட்டறது, மறுபடியும் விட்டுடறது. இன்னிக்கும் பாக்கி நிக்குது."

"எங்கிட்ட இருக்கறது பிரிபெய்ட் தம்பி. காசு போட்டாப் பேசும், இல்லன்னா ஊமை."

புவனேஸ் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் பேர், அவள் அடையாள அட்டை எண், அந்தக் கைப்பேசி எண். தவமலருக்குக் காது சூடேறியது.

"இத நாங்க திருப்பிக் குடுத்துட்டோமே! கோயில்ல வெச்சு, எல்லார் முன்னாலயும்."

"கோயில்ல குடுத்தா இதுல ஏறாதுக்கா. ஒருத்தர் வாங்குனத ஒழுங்காக் கட்டறாரான்னு பாத்து மார்க் போட்டு வெச்சிருப்பாங்க. பேங்க்கு அதப் பாத்துத்தான் கடன் குடுக்கும். ஒங்க மார்க் எறங்கிருச்சு."

"பிரிஞ்சாங் சந்தையில எம்பேர்ல ஒரு காசு பாக்கி கெடையாது. அத யாராச்சும் எழுதி வெச்சாங்களா?"

"அத எழுத மாட்டாங்கக்கா."

"நல்ல மார்க்குதான் போங்க," என்று எழுந்தாள் தவமலர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீரப்பன் நேராகக் கங்காணியிடம் போனார். கங்காணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் முடித்துவைத்த பஞ்சாயத்தை எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லையா? மறுநாளே வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, எல்லாம் தரித்துக்கொண்டு தவமலரோடு தானா ராத்தாவில் இருந்த கைப்பேசி நிறுவனக் கிளைக்கு வந்துவிட்டார். எண் சீட்டு எடுத்து உட்கார வேண்டும் என்றதே அவருக்கு முதல் அவமானம்.

முகப்பில் இருந்தது ஒரு மலாய்ப் பெண். கங்காணி தன் தோட்டத்து மலாயில் முழங்கினார். பொருள் தட்டில் வைத்துத் திருப்பப்பட்டது, தேங்காய் உடைக்கப்பட்டது, சபை சாட்சி, தானே தலைவர். அந்தப் பெண் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அந்தத் தட்டு எந்தக் கிளையில் ஒப்படைக்கப்பட்டது என்று கேட்டாள்.

"கோயில்ல!" என்றார் கங்காணி தமிழிலேயே.

அந்தப் பெண் தவமலரிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். கைப்பேசியை யாரிடம் கொடுத்தாலும் ஒப்பந்தம் முடியாது. ஒப்பந்தக்காரர் நேரில் வந்து, பாக்கியையும் மீதித் தவணையையும் அபராதத்தையும் கட்டி, ரத்துப் பண்ணச் சொல்ல வேண்டும். நினைவூட்டல் எல்லாம் அனுப்பித்தான் இருக்கிறார்கள், அந்த எண்ணுக்கே. எண் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உயிரோடா? தவமலர் தன் பழைய கைப்பேசியை எடுத்து அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணி ஒலிப்பதற்குள், "ஹலோ, குட் மார்னிங், டீ வேலி டூர்! எத்தன பேருங்க?" என்று ஹரிதாஸின் தேன் ஒழுகும் குரல் வந்தது.

"ஒரே ஒரு ஆளு," என்றாள் தவமலர்.

அவள் குரலை அடையாளம் கண்டதும் தேன் வற்றிவிட்டது. இணைப்பும் போய்விட்டது.

கங்காணி வெளியே வந்து கோட்டைக் கழற்றினார். "இந்தக் காலத்துல சபைக்கு மரியாதையே இல்லம்மா," என்றார். அவளுடைய வீடு போகப் போகிறதே என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தவமலருக்கு அன்றே மனசு முடிவாகிவிட்டது: கட்டித் தொலைத்துவிட்டு ரத்துப் பண்ணுவது. பணம் இருந்தது. புது வீட்டில் அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டுவதற்கென்று சேர்த்து வைத்தது. ஆனால் வீரப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவன் பேசுன பேச்சுக்கு நீ காசு கட்டுவியா? ஊரு என்ன சொல்லும்? தட்டு திரும்பியும் பொண்ணு அவனுக்குச் செலவு பண்றான்னு பேச மாட்டாங்க?"

"ஊரு நமக்கு வீடு குடுக்குமாப்பா?"

"மானம்னு ஒண்ணு இருக்கு ஆயி."

"இருக்கட்டும். அதுக்கு மேல கூரை போட முடியாதே."

அப்பனும் மகளும் ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கங்காணியின் வாய் சும்மா இருக்குமா? எண் ரத்தாகப் போகிற சேதி உமாதேவி காதுக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் உமாதேவி மகனையும் கங்காணியையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டாள். சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்க மறந்துபோனாள்.

"மலரு, எப்படிம்மா இருக்க? ரொம்ப எளச்சுட்டியே!"

"நான் எளைக்கல. வந்த விஷயத்தச் சொல்லுங்க."

ஹரிதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த நம்பரக் கட் பண்ணிடாத மலர். வேன்ல அதத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். ஓட்டல்காரங்க எல்லாரும் அதத்தான் குடுக்கறாங்க. டிசம்பர் லீவு புக்கிங் மொத்தமும் அதுலதான் வருது."

"ஒன்னோட பழைய நம்பரு என்னாச்சு?"

மோட்டார்க் கடன்காரர்கள் அந்த எண்ணுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் அழைத்ததில் ஹரிதாஸ் அதைத் தூக்கி எறிந்திருந்தான். தட்டில் வெற்றிலை மேல் புத்தம் புது எண் ஒன்று வந்து சேர்ந்ததும், சாமி கொடுத்த வரமென்று எடுத்து வேன் முதுகில் எழுதிக்கொண்டான்.

"சரி. ஒன் பேருக்கு மாத்திக்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

ஹரிதாஸ் அம்மாவைப் பார்த்தான்.

"மாத்தலாம்... இப்ப முடியாது. சின்னதா ஒரு ப்ராப்ளம்."

"ஒன் பேரு கறுப்புப் பட்டியல்ல இருக்கு. அதானே?"

உமாதேவிக்குச் சுருக்கென்றது. "ஆம்பளப் புள்ள, தொழில்னு எறங்குனா நாலும் இருக்கும். அதப் போயி பெருசாப் பேசிக்கிட்டு."

"பொம்பளப் புள்ள பேருன்னா கைப்பிடித் துணியா? சட்டியப் புடிச்சு எறக்கிட்டு அடுப்போரம் போட்டுடலாமா?"

"வாய் நீளுதுடி ஒனக்கு! நல்ல வேள, எங்க வீட்டுக்கு வரல நீ."

"அந்த ஒரு நல்லது நடந்துச்சு, ஆமா."

கங்காணி இரண்டு கையையும் உயர்த்தினார். அப்படி உயர்த்தினால் அவர் நியாயம் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"இரும்மா, இரு. கன்ட்ராக்கு முடிய இன்னும் கொஞ்ச மாசம்தானாம். அது வரைக்கும் பொறுத்துப் போ. பையன் இனிமே ஒழுங்காக் கட்டுவான், அதுக்கு நான் பொறுப்பு. ஒரு குடும்பத்துப் பொழப்புல கை வைக்கலாமா? பொண்ணாப் பொறந்தவ கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

"பொறந்தாச்சு கங்காணி, என்ன பண்றது. நீங்க பொறுப்பா?"

"நான் பொறுப்பு!"

"அப்ப லேசாப் போச்சு. நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் போவோம். அந்த நம்பர ஒங்க பேருக்கு மாத்திடுவோம். ஒங்க பேரு சுத்தமாத்தான இருக்கும்? அவன் கட்டுவான், நீங்க பொறுப்பு, என் பேரு வெளிய வந்துடும். எல்லாருக்கும் நல்லது."

கங்காணிக்கு இருமல் வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, நெடுநேரம் நீடித்தது. உமாதேவியே ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு என்னத்துக்கும்மா இந்த வயசுல டூர் நம்பரு?" என்றார் கடைசியில். "மகன் வேற காரு வாங்க லோன் போட்டிருக்கான்... பேரு அங்க இங்க இழுபடக் கூடாது பாரு."

அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

வீரப்பன் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். அந்த மனிதர் கங்காணியை எதிர்த்து வாழ்நாளில் ஒரு சொல் பேசியதில்லை. அன்றும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கதவை அகலத் திறந்து வைத்தார்.

"டீ போடல. போயிட்டு வாங்க."

தேயிலை வாட்டியே முதுகு கூனிய மனிதர் வீட்டில் வந்தவருக்குத் தேநீர் இல்லை என்றால் அதற்கு மேல் ஏச வார்த்தை தேட வேண்டியதில்லை. மூவரும் எழுந்து போனார்கள். உமாதேவி சேலையைத் தூக்க மறந்து சாக்கடைப் பலகையில் ஓரத்தை நனைத்துக்கொண்டாள்.

"கட்டிட்டு வா ஆயி," என்றார் வீரப்பன்.

அடுப்படிப் பணத்தை எடுத்துக்கொண்டு தவமலர் மறுபடியும் அந்தக் கிளைக்குப் போனாள். ஹரிதாஸுக்கு முந்தின நாளே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: பாக்கியைக் கட்டுவதாக இருந்தால் நேரில் வந்து கட்டலாம், எண் சாகப் போவது மட்டும் நிச்சயம். அவன் வரவில்லை. வருவான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டுக்காரர்கள் மட்டும்தானா வைத்துக்கொள்வது?

அதே மலாய்ப் பெண் இருந்தாள். ரத்து என்றதும் அவள் கண்ணில் பாசம் பொங்கியது. இதைவிட மலிவான திட்டம் இருக்கிறது, முதல் சில மாதம் கட்டணத்தில் கழிவு உண்டு, புதுக் கைப்பேசியும் பாதி விலைக்குத் தருவார்கள். பணம் கட்டாதவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டது இவர்கள்தான். இன்னொரு கைப்பேசியைத் தலையில் கட்டப் பார்ப்பதும் இவர்கள்தான். வெட்கம் என்பது சம்பளச் சீட்டில் எழுதப்படாத சாமான் போலிருக்கிறது. தவமலர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரத்து," என்றாள். இன்னொரு முறை கேட்டாள் அந்தப் பெண். "ரத்து," என்றாள் இவள். பணம் கட்டிய ரசீது, ஒப்பந்தம் முடிந்ததற்குக் கடிதம், அதில் முத்திரை, எல்லாம் கைக்கு வரும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்திப் பார்த்தாள். அப்படி ஓர் எண் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொன்னது. மூன்றையும் கேட்டாள்.

ஹரிதாஸின் வேன் அந்த விடுமுறைக் காலம் முழுக்கச் சந்தை வாசலில் காத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். முதுகில் இருந்த எண்ணின் மேல் வேறு சாயம் பூசியிருந்தான். பழசு அடியில் தெரிந்தது.

வீரப்பன் சொன்னபடியே லயமும் பேசியது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டே விட்டாள். "என்ன மலரு, பழைய மாப்பிள்ளைக்கு பில் கட்டுனியாமே?"

"ஆமாக்கா. கருமாதிச் செலவு," என்றாள் தவமலர், வாளியைத் தூக்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வங்கி மட்டும் லேசில் இறங்கவில்லை. கட்டி முடித்த கடிதத்தைப் பார்த்த புவனேஸ் தலையைச் சொறிந்தான். பாக்கி இல்லை என்பது கணக்கில் ஏற நாளாகும். ஏறினாலும், தாமதமாகக் கட்டிய தடம் உடனே அழியாது, கொஞ்ச காலம் தெரிந்துகொண்டே இருக்கும் என்றான்.

"காசு வாங்குறப்ப அன்னைக்கே ஏறுது. பேரு அழிக்கறதுக்கு மட்டும் நாளாகுமா தம்பி?"

"சிஸ்டம் அப்படித்தான்க்கா."

"சிஸ்டம் யாரு? கூப்பிடுங்க, நான் பேசறேன்."

அவள் விடவில்லை. லோரியை விட்டுவிட்டு, சம்பளத்தை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் போய் அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். தவுக்கேயிடம் வேலைக் கடிதம் வாங்கிக் கொடுத்தாள். வீரப்பன் தன் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் போட்டார். மேலாளரிடம் மனு போனது, மேலாளரிடமிருந்து வேறெங்கோ போனது. வருடம் முடிய இருந்த வாரத்தில் ஒப்புதல் வந்தது. கேட்டதைவிடக் குறைவான கடன், மற்றவர்களுக்குப் போட்டதைவிடக் கூடுதல் வட்டி. எவனோ பேசிய பேச்சுக்கு இவள் இன்னும் எத்தனையோ வருடம் வட்டி கட்டியாக வேண்டும். அடுப்படி இப்போதைக்கு நீளாது. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வாசலில் நின்றுதான் கரண்டி நீட்ட வேண்டும். ஆனால் கூரை அவள் பேரில்.

கையெழுத்துப் போடும் நாளில் வீரப்பனும் கூட வந்து, வெளுத்த சட்டையில், வங்கிச் சுவரோரம் உட்கார்ந்தார். புவனேஸ் தடித்த கட்டு ஒன்றை அவள் முன் வைத்து, எங்கெங்கே கையெழுத்து என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடங்களைக் காட்டினான்.

"இங்க, இங்க, அப்புறம் இதுல கடைசியில. அவ்ளோதாங்க்கா, சட்டுனு முடிஞ்சிடும்."

தவமலர் பேனாவை எடுக்கவில்லை. கட்டை அவன் பக்கமே தள்ளினாள்.

"படிங்க தம்பி."

"எதையக்கா?"

"எல்லாத்தையும். எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க."

"அக்கா, எம்புட்டுப் பக்கம் பாத்தீங்களா? பின்னால கியூ நிக்குது. இத யாரும் படிக்க மாட்டாங்கக்கா."

"தெரியும்."

பின்னால் நின்ற ஓர் ஆள் கடிகாரத்தைக் காட்டி முனகினார். இன்னொருவர் மலாயில் ஏதோ சொன்னார். தவமலர் திரும்பிப் பார்க்கவில்லை. புவனேஸ் மேலாளர் அறையைப் பார்த்தான், மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் முதல் பக்கத்தைத் திறந்து தொண்டையைச் செருமினான்.

"மொதல்லேருந்து வேணாம்," என்றாள் அவள், நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு. "இதுலேருந்து எப்படி வெளிய வர்றதுன்னு எங்க போட்டிருக்கு? அத மொதல்ல படிங்க."